ஒற்றை ஆள், ஒற்றை அறை: ஊரில் இருந்தே மின்னிசை

மின்னிசையில் தனியாக இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, என்ன வாங்கலாம் என்றுதான். அதைச் சீக்கிரமாகவே முடித்துவிடலாம். திணறாமல் ஓடுகிற ஒரு லேப்டாப், ஒரு நல்ல ஹெட்போன், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், 25 கட்டை கொண்ட சின்ன மிடி கீபோர்டு, வெளியில் போய்ப் பதிவு செய்ய ஒரு கையடக்க ரெக்கார்டர். கடைசிப் பொருளுக்குத் தொடக்கத்தில் செல்போனே போதும். மென்பொருளில் எல்.எம்.எம்.எஸ். இலவசம். ரீப்பரை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் சிறிய அளவில் வேலை செய்பவர்களுக்கான உரிமம் 60 டாலர். நம் பையன்கள் அதிகம் பேர் தொடங்குவது எஃப்.எல். ஸ்டுடியோவில். அதன் இலவசப் பதிப்பில் சேமித்த வேலையைத் திரும்பத் திறக்க முடியாது என்பது தெரிந்து தொட வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்ததைக் காலையில் திறக்க முடியாமல் தவித்தவர்கள் நிறைய. எதை எடுத்தாலும் ஒரு வருடத்துக்கு அதை மாற்றாதீர்கள்.

கருவி விஷயம் அவ்வளவுதான். தனி ஆளுடைய சங்கடம் வேறு. சென்னையில் ஒரு பாட்டு வெளிவருவதற்குள் மெட்டுப் போடுகிறவர், புரோகிராமர், வாசிக்கிறவர், ரெக்கார்டிங் என்ஜினியர், மிக்சிங், மாஸ்டரிங் என்று பலர் கை படுகிறது. ஒருவர் கவனிக்காமல் விட்டதை அடுத்தவர் பிடித்துவிடுவார். வீட்டு அறையில் இத்தனை பேரும் நீங்களே. அதனால் மெட்டு வரும்போதே மிக்சிங் ஆள் குறுக்கே வந்து பேஸ் போதவில்லை என்பான். மிக்சிங் செய்ய உட்கார்ந்தால் மெட்டுப் போடுகிறவன் எழுந்து இன்னொரு வயலின் சேர்க்கலாமே என்பான். இருபது லூப் பாதியில் கிடக்கும், முடிந்த ட்ராக் ஒன்றுகூட இருக்காது. இவர்களை ஒரே நாளில் ஒரே அறைக்குள் விடாமல் வேலை வாங்குவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஊராகக் கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தை எடுத்துக்கொள்கிறேன். ரயில் பாதை, வெள்ளாறு, கரும்பு வயல், அப்பரும் சம்பந்தரும் பாடிய கோயில், பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் என்று காதுக்கு வேண்டியது எல்லாம் அங்கே உண்டு, ஸ்டுடியோவைத் தவிர. உங்கள் ஊர் வேறு என்றால் பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போனவர்கள்

பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பத்து ராகம், எல்லாவற்றுக்கும் அடியில் டிஸ்கோ தாளம். அவர் கையில் இருந்தவை மூன்றே கருவிகள், மூன்றும் ரோலண்ட்: தாளத்துக்கு டி.ஆர்.-808, பேஸுக்கு டி.பி.-303, மேலே வாசிக்க ஜூப்பிட்டர்-8. இதில் 303 என்பது பேஸ் கிதார் வாசிக்கிறவர் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளச் செய்த பெட்டி. கிதார் போலவே ஒலிக்கவில்லை. விற்பனை படுத்து 1984-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி அதில் இருந்தது. ராகம் தெரிந்த ஒருவர் கையில் அது கிடைத்ததும் அந்த வழுக்கலே இசையாகிவிட்டது. இசைத்தட்டு அன்று போணியாகவில்லை. 1987-இல் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே பெட்டியைத் திருகி ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்கே பெயர் வாங்கித் தந்தது. சரண்ஜித் சிங்கின் தட்டு 2010-இல் மறுபதிப்பாக வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆசிட் ஹவுஸை இந்தியர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று மார்தட்டுவதில் எனக்கு ருசி இல்லை. ஒரு தட்டுக்கு மூன்று கருவி, ஒரு தாளம், ஒரு ட்ராக்குக்கு ஒரு ராகம் என்று அவர் போட்டுக்கொண்ட வேலியைத்தான் நாம் பார்க்க வேண்டும். இன்று உங்கள் லேப்டாப்பில் அந்த மூன்று பெட்டிகளின் நகல்களும் இன்னும் முந்நூறு பெட்டிகளும் இருக்கின்றன. வேலிதான் இல்லை.

ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்து வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். ‘ரோஜா’ வந்தது 1992-இல். இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் விளம்பரங்களுக்குச் சின்னச் சின்ன இசைத் துண்டுகள். வாடகை ஸ்டுடியோவில் ஒரு மணி நேரம் தவறினால் பணம் போகும். சொந்த அறையில் தவறுக்குக் காசு இல்லை. அரை நிமிட இசையை முடித்துக் கொடுத்தே ஆக வேண்டிய வேலைகளும், தப்புச் செய்து பார்க்க ஓர் அறையும் சேர்ந்து கிடைத்ததை நான் அவருடைய ஆரம்பக் காலப் பாக்கியமாகப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து லண்டனில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., இரவல் வாங்கிய ரோலண்ட் எம்.சி.-505 பெட்டியில்தான் தன் முதல் பாட்டுகளைக் கட்டினார். அப்பாவின் பெயரில் ‘அருளர்’ ஆல்பம் 2005-இல் வந்தது. அம்மாவின் பெயரில் வந்த ‘கலா’வில், 2007-இல், உறுமி அதிர்ந்தது. 505-இல் இருந்த ஒலிகள் கடையில் அதை வாங்கிய எல்லோருக்கும் கிடைத்தவைதான். குரலும் உறுமியும் கிடைக்காதவை.

இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால், அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை வைத்து ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்த கதை உண்டு. கீதா சாராபாய் முதலானோர் அங்கே செய்த பதிவுகள் 2023-இல்தான் பொதுவெளிக்கு வந்தன. தேடிக் கேளுங்கள்.

அறையும் மின்சாரமும்

நம் ஊர் வீடுகளில் கிடைப்பது பத்துக்குப் பத்து அறை. அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பத்தடி இருந்தால் சுமார் 57 ஹெர்ட்ஸில் காற்று நின்று அதிரும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் அதே இடத்தில் இரட்டிப்பாகக் குவியும். நீங்கள் கேட்கிற பேஸில் பாதி உங்கள் ட்ராக்கில் இல்லை, சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்துக் குறைத்தால் வெளியே எலும்பாக ஒலிக்கும். ஆகவே ஸ்பீக்கர் வாங்கக் காசு சேர்க்காதீர்கள். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஹெட்போனிலேயே வேலை செய்யுங்கள். குரலோ கருவியோ பதிவு செய்யும் நாளில் மூலைகளில் சுருட்டிய இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி, பாடுகிறவரின் பின்பக்கச் சுவரில் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். முட்டை அட்டை ஒட்டுவது வீண். தூசியும் பல்லியும் சேரும்.

மின்விசிறிதான் பெரிய எதிரி. சித்திரை, வைகாசியில் அதை நிறுத்திவிட்டுக் கான்கிரீட் கூரைக்கடியில் பாட முடியாது. விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். கோயில் ஒலிபெருக்கி தொடங்கும் மாதங்களில் அதுவும் போகும். மார்கழியில் பதிவே வேண்டாம், அந்த மாதம் மிக்சிங்குக்கு.

அடுத்தது ‘ம்ம்’ என்கிற இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் அந்த 50-உம் அதன் மடங்குகளான 100, 150-உம் ஒவ்வொரு பதிவிலும் ஒட்டிக்கொண்டு வரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரைச்சல் போவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த யோசனை உயிருக்கு ஆபத்து. பதிவு செய்யும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினாலே பாதிச் சத்தம் அடங்கும். இன்வெர்ட்டரில் ஓடும்போது எதையும் பதியாதீர்கள், மலிவான இன்வெர்ட்டரின் அலை இன்னும் மோசம்.

ஒரு வேடிக்கை: 50 ஹெர்ட்ஸ் என்பது மேற்கத்திய ‘ஜி’ சுரத்துக்கு, அதாவது நம் ஐந்து கட்டைக்கு, சுமார் 35 சென்ட் மேலே நிற்கிறது. நூறு சென்ட் ஓர் அரைச்சுரம். ஆகவே ஐந்து கட்டையில் சுருதி வைத்து மெல்லிய இரைச்சலுள்ள அறையில் வேலை செய்தால் ஏதோ ஒன்று சுருதி சேராமல் உறுத்திக்கொண்டே இருக்கும், எது என்று தெரியாது. இரைச்சலை ஒழிக்க வழியே இல்லாத அறையில் சிலர் முழு ட்ராக்கின் சுருதியையும் 35 சென்ட் ஏற்றிவிடுகிறார்கள். கெட்ட யோசனை இல்லை.

சேகரிக்கும் நாள்

வாரத்தில் ஒரு நாள் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது. ரெக்கார்டரோடு வெளியே போக வேண்டும். செல்போன் என்றால் ஒலியளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்க இடம் தரும் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், எம்.பி.3 வேண்டாம், வேவ் கோப்பு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஐந்து நிமிட ஸ்டீரியோப் பதிவு ஏறக்குறைய 86 எம்.பி. வரும். பதிவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, நேரம், இடம் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோப்பின் பெயரைப் பார்த்து எதுவும் நினைவுக்கு வராது, உங்கள் குரல் சொல்லும்.

பெண்ணாடத்தின் முதல் கருவி ரயில். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் கார்டு லைன் ஊரைத் தொட்டுப் போகிறது. வைகை, பல்லவன் எல்லாம் இந்தப் பாதையில்தான். நிற்காமல் போகும் வண்டியின் ஹாரன் நம்மைத் தாண்டும் நொடியில் இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிற வண்டி என்றால் அந்த இறக்கம் மூன்று அரைச்சுரத்துக்குச் சற்றே குறைவு. எந்த சிந்தசைசரிலும் இவ்வளவு இயல்பான சறுக்கல் கிடைக்காது. தண்டவாளத்தை ஒட்டி நிற்காதீர்கள்; ரயில்வே நிலத்துக்கு வெளியே ஐம்பது அறுபதடி தள்ளி நின்றாலே நன்றாக விழும். அளவை வழக்கத்தைவிடக் குறைத்து வையுங்கள், ஹாரன் திடீரென்று ஏறும். நீளமான சரக்கு வண்டி இன்னும் உபயோகம்: தண்டவாள இணைப்பில் சக்கரங்கள் விழும் தாளம் வேகத்தோடு மாறிக்கொண்டே வரும். அதில் நாலு விநாடியை வெட்டி லூப் ஆக்கினால் பீட் தயார், வேகத்தை வண்டியே முடிவு செய்துவிடும்.

இரண்டாவது, பீங்கான். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் இருந்தும் யாரும் எடுக்காத புதையல் இது. விருத்தாசலத்துப் பட்டறைகளில் இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை, பொம்மை என்று பல உருப்படிகள் சூளையிலிருந்து இறங்குகின்றன. உருப்படி நன்றாக வெந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். வெந்தது கணீரென்னும், மயிரிழை விரிசல் இருந்தாலும் ஓசை மொத்தென்று அடங்கிவிடும். கழித்துப் போட்டவற்றைக் கேட்டு வாங்குங்கள், நல்லவற்றில் ஒன்றிரண்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். விரிசல் விட்டவை தாளத்துக்கு, கணீரென்பவை சுரத்துக்கு.

வீட்டுக் காபிக் கப்பிலிருந்தே தொடங்கலாம். கைப்பிடிக்கு நேராகவோ, அதற்கு எதிர்ப்புறத்திலோ, இரண்டு பக்கமும் கால் வட்டம் தள்ளியோ விளிம்பில் தட்டினால் ஒரு சுருதி வரும். அந்த இடங்களுக்குச் சரிபாதியில் தட்டினால் சற்று ஏறிய சுருதி வரும். விளிம்பு நான்கு பாகமாக அதிர்கிறது; முதல் நாலு இடங்களில் தட்டும்போது கைப்பிடியின் எடையையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருப்பதால் அதிர்வு மந்தமாகிறது. ஒரே கப்பில் இரண்டு சுரம். தண்ணீர் ஊற்றினால் இரண்டுமே இறங்கும். பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்து, தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சுருதி சேர்க்கும் ஜலதரங்கத்தில் முழுக் கச்சேரியே செய்தவர்கள் நம்மிடம் உண்டு. சீதா துரைசாமி, ஆனையாம்பட்டி கணேசன் ஆகியோரின் பதிவுகளைக் கேட்டுவிட்டுக் கப்பைத் தட்ட உட்காருங்கள். மூங்கில் குச்சி படும் கணமும் பிறகு தண்ணீர் தளும்புவதால் வரும் நடுக்கமும் எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

பதிவு செய்யும்போது கப்பை மேசையில் வைக்காதீர்கள், மடித்த துண்டின் மேல் வையுங்கள். மைக் ஒரு சாண் தூரத்தில். மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதம். ஒவ்வொன்றிலும் நாலைந்து அடி. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் துப்பாக்கி மாதிரி இருக்கும். நாலைந்தை மாற்றி மாற்றிவிட்டால் கை வாசிப்பதுபோல் இருக்கும். குச்சி, ஸ்பூன், விரல் நகம் மூன்றையும் முயலுங்கள். இதற்கு மட்டும் 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஏன் என்றால் அடுத்து இதை மெதுவாக்கப் போகிறோம். வேகத்தை நாலில் ஒன்றாகக் குறைத்தால் சுருதி இரண்டு ஸ்தாயி இறங்கும். அரை விநாடி ஓசை இரண்டு விநாடியாக நீளும். காபிக் கப் கோயில் மணியாகிவிடும். 48-இல் பதிந்ததை இவ்வளவு மெதுவாக்கினால் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது, மணி கம்பளி போர்த்தியதுபோல் இருக்கும்.

உண்மையான கோயில் மணி வேண்டுமென்றால் பிரளயகாலேஸ்வரர் கோயில் இருக்கிறது. விமானம் படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல் வளைந்திருப்பதால் தூங்கானை மாடம் என்று பெயர். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊரும் இதுதான். பூசை நேரத்தில் ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். அலுவலகத்தில் சொல்லிவிட்டு, செயல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். ஓதுவார் பாடுவதைப் பதிந்தால் அவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். தேவாரம் பொதுச்சொத்து. அதைப் பாடிய குரல் அவருடையது.

கட்டும் நாள்

சேகரித்ததில் இருந்து ஒரு ட்ராக்குக்கு அதிகபட்சம் நாலு ஒலியைத் தேர்ந்தெடுங்கள். சரண்ஜித் சிங்குக்கு மூன்று போதுமாக இருந்தது. எட்டு வரிசைக்கு மேல் திறக்காதீர்கள்.

முதலில் சுருதி. பாட ஆள் இருந்தால் அவர் கட்டையைக் கேட்டு வையுங்கள்: ஆண்குரலுக்குப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு கட்டை, பெண்குரலுக்கு ஐந்தரையை ஒட்டி. பிறகு மென்பொருளின் சமப் பகுப்புச் சுருதியை அப்படியே நம்பாதீர்கள். தம்புராவின் மேல் அந்தர காந்தாரம் நிம்மதியாக உட்காரும் இடம் 386 சென்ட். கீபோர்டு தருவது 400. நீண்டு நிற்கும் ஒலிகளில் இந்த 14 சென்ட் வித்தியாசம் பல்லிளிக்கும். சாம்ப்ளரில் அந்த ஒரு சுரத்தை இறக்கிவிடுங்கள். பஞ்சமத்தில் வித்தியாசம் இரண்டே சென்ட், விட்டுவிடலாம். கமகம் வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் ஒலியை எடுத்து, வழுக்கும் நேரத்தைச் சுரத்துக்குச் சுரம் மாற்றுங்கள். எல்லாச் சுரத்துக்கும் ஒரே வழுக்கல் வைத்தால் ஆம்புலன்ஸ் சைரன்தான் மிஞ்சும்.

தாளத்தில் நான்கு நான்காகவே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மென்பொருள் திறந்தவுடன் அப்படி வருகிறது, அவ்வளவுதான். மிஸ்ர சாபுவின் ஏழை மூன்றும் நாலுமாக, கண்ட சாபுவின் ஐந்தை இரண்டும் மூன்றுமாக வையுங்கள். பறையடியோ தெருக்கூத்து மத்தளமோ கேட்டு வளர்ந்தவர் என்றால் கட்டத்துக்குள் மவுஸால் புள்ளி வைக்காதீர்கள். மேசையில் கையால் தட்டிப் பதியுங்கள், பிறகு கணினியைக் கொண்டு ‘சரி’ செய்யாதீர்கள். கட்டத்திலிருந்து விலகிய அந்தச் சில மில்லி விநாடிகளில்தான் ஊர் இருக்கிறது. தட்டும்போது மென்பொருளின் பஃபரை 128 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது மூன்று மில்லி விநாடிக்கும் குறைவான தாமதம். மிக்சிங்குக்கு வரும்போது 512-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த நாளில் ஒலியளவைத் தவிர எதையும் சரிசெய்யக் கூடாது. ஈக்யூ, ரிவர்ப் என்று கை போனால் எழுந்து டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வெட்டும் நாள்

குறைந்தது நாலு நாள் இடைவெளி விட்டு, எல்லா வரிசைகளையும் ஆடியோக் கோப்புகளாக மாற்றிப் புதிய புராஜெக்டில் போடுங்கள். சிந்தசைசர் திருகுகளுக்குத் திரும்பப் போகும் வழியை அடைத்துவிடுவதுதான் இதன் நோக்கம். பிறகு ஒவ்வொரு வரிசையாக அணைத்து முழு ட்ராக்கையும் கேளுங்கள். இல்லாதது தெரியவில்லை என்றால் அந்த வரிசை போக வேண்டியதுதான். ரயிலைப் பதிய வெயிலில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பது கேட்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இந்த இடத்தில் தனி ஆளுக்குக் கல்நெஞ்சு வேண்டும். மற்றவர் செய்ததை வெட்டுவது சுலபம்.

முடிக்கும் தேதியை முன்கூட்டியே ஒருவரிடம் சொல்லிவையுங்கள். ரஹ்மானுக்கு விளம்பர நிறுவனம் இருந்தது. உங்களுக்கு ஊரில் குறும்படம் எடுக்கும் நண்பனோ பள்ளி ஆண்டு விழாவோ இருக்கும். தேதி இல்லாத ட்ராக் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்று வளர்ந்துகொண்டே போகும்.

காது விஷயமும் இங்கேதான் வருகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும். மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 94-இல் ஒரே மணி நேரம். ஹெட்போனில் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பது நமக்குத் தெரிவதே இல்லை. பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் கேட்க வேண்டும், அதுதான் அளவு.

கேட்கும் நாள்

மறுபடி லேப்டாப்புக்கு விடுமுறை. ட்ராக்கைப் போனில் போட்டு, காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். போன் ஸ்பீக்கரில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் பேஸ் 55 ஹெர்ட்ஸில் மட்டும் நின்றால் பாதி உலகத்துக்கு அது கேட்கப்போவதில்லை. அதே பேஸில் லேசாக டிஸ்டார்ஷன் சேர்த்தால் 110, 165, 220 என்று மேல் மடங்குகள் பிறக்கும். அவற்றைக் கேட்டுக் காதே 55-ஐ ஊகித்துக்கொள்ளும்.

போனைவிடக் கடுமையான பரீட்சை ஊர் மைக் செட். திருவிழாவுக்கு முன்தினம் ஒலி சோதிக்கும் வேளையில் போய், மைக் செட் வைத்திருப்பவரிடம், “அண்ணே, இதை ஒரு தடவை போட்டுப் பாருங்க” என்று கேளுங்கள். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் போய்விடும், உச்சஸ்தாயி கிழிக்கும், நடுவில் என்ன இருக்கிறதோ அது மட்டும் வரும். அங்கே மெட்டு நின்றால் எங்கேயும் நிற்கும். பெட்டி ஸ்பீக்கர் அடுக்கில் போட்டால் நேர்மாறு: வீட்டில் தெரியாத பேஸ் குமுறல் எல்லாம் வெளியே வரும். அவர் என்ன சொல்கிறார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். “நடுவுல ஏதோ குழப்புதுப்பா” என்றால் பெரும்பாலும் 300 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் இரண்டு ஒலிகள் மோதுகின்றன என்று பொருள். சென்னையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய இரண்டாவது காது ஊரில் டீக்குக் கிடைக்கிறது. யூடியூபில் ‘சூப்பர் ப்ரோ’ என்று எழுதுகிறவர்கள் அந்தக் காது ஆக மாட்டார்கள்.

எழுதிக்கொண்டு வந்ததில் மூன்றை மட்டும் திருத்துங்கள். மாஸ்டரிங்கில் ஒலியை அடித்து நொறுக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரீமிங் தளங்கள் பெரும்பாலும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற ஒலியுரப்பு அளவை ஒட்டி எல்லாவற்றையும் சமப்படுத்துகின்றன. உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள்.

வெளியிடும் முன்

பழைய சினிமாப் பாட்டிலிருந்து இரண்டு விநாடி எடுத்தாலும் அனுமதி வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. சுருதியை மாற்றிவிட்டால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது பழைய நம்பிக்கை. இப்போது இயந்திரம் கண்டுபிடிக்கிறது. நீங்களே பதிந்த ரயிலுக்கும் கப்புக்கும் இந்தத் தொல்லை இல்லை. விநியோக நிறுவனம் வழியாகப் போடும்போது ட்ராக்கை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் கிடைக்கும், அதை நோட்டில் குறித்துவையுங்கள். கலைஞர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் கொடுங்கள், இல்லாவிட்டால் தளங்கள் உங்களை இரண்டு ஆளாக எண்ணிக்கொள்ளும். இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்ற முறையில் ஐ.பி.ஆர்.எஸ். என்ற உரிமைத்தொகை அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தால் பொதுவில் ஒலிபரப்பாவதற்கான தொகை அந்த வழியாக வரும்.

கடைசியாக, பிரதி எடுப்பது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மழை கனத்தால் வெள்ளாறும் சும்மா இருப்பதில்லை. ஆகவே மூன்று பிரதி: ஒன்று லேப்டாப்பில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில் சித்தப்பா வீட்டு பீரோவில். ஒவ்வொரு ட்ராக் வெளியான மறுநாளும் அந்த மூன்றாவதைப் புதுப்பியுங்கள். மென்பொருளின் புராஜெக்ட் கோப்பு மட்டும் போதாது; பத்து வருடம் கழித்து அது திறக்காமல் போகலாம். எட்டு வரிசைகளும் தனித்தனி வேவ் கோப்பாக இருக்கட்டும், கூடவே வேகம், சுருதி, தேதி எழுதிய ஒரு சின்ன உரைக்கோப்பு.